மில்வாக்கி சோசலிஸ்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மில்வாக்கிக்குக் குடிவந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஏரிக்கரையை ஒட்டிப் போகும் ஹோன் பாலத்தின் மேல் ஒரு தடவை காரில் கூட்டிப்போவேன். "ஹோன்னா யாரு?" என்று கேட்பார்கள். "இந்த ஊருக்கு 24 வருஷம் மேயரா இருந்த சோசலிஸ்ட்" என்பேன். அங்கே தொடங்கும் பேச்சு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகும் ஓயாது. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறவில்லை. அதனால் இங்கே தொகுத்து வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அமெரிக்காவுல சோசலிஸ்ட் மேயரா? நிஜமாவா சொல்றீங்க?

நிஜம்தான். ஒருவர் இல்லை, மூன்று பேர். எமில் சைடல் 1910 முதல் 1912 வரை, டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை, ஃபிராங்க் ஸைட்லர் 1948 முதல் 1960 வரை. கூட்டினால் 38 வருடம். மூவரும் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மேயர்கள்.

மில்வாக்கி, விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. சிகாகோவிலிருந்து வடக்கே சுமார் 90 மைல். 1910-ல் மக்கள்தொகை 3,70,000-க்கும் மேல். அந்தக் காலத்தில் வேறு சில ஊர்களும் சோசலிஸ்ட் மேயரைத் தேர்ந்தெடுத்தன: பெர்க்லி, ஸ்கெனெக்டடி, ரெடிங், பிரிட்ஜ்போர்ட். பெரிய நகரம் என்று சொல்லத்தக்க இடத்தில் முதலில் ஜெயித்ததும், திரும்பத் திரும்ப ஜெயித்ததும் மில்வாக்கியில்தான்.

சோசலிஸ்ட்னா கம்யூனிஸ்ட்தானே? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. மார்க்ஸைப் படித்தவர்கள்தான், தொழிற்சாலைகள் பொதுவுடைமையாக வேண்டும் என்பதும் அவர்களுடைய திட்டத்தில் இருந்தது. ஆனால் அங்கே போய்ச்சேரும் வழி வாக்குப்பெட்டி என்று நம்பினார்கள். ஒரே நாளில் எல்லாம் மாறும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடம், நாளைக்கு ஒரு சட்டம் என்று படிப்படியாக நகர்வதே அவர்கள் பாதை. ஜெர்மனியில் சோசலிஸ்ட் சிந்தனையாளர் பெர்ன்ஸ்டைன் சொன்ன சீர்திருத்தப் பாதை இதுதான்.

ரஷ்யப் புரட்சிக்குப் பின், 1919-ல், அமெரிக்க சோசலிஸ்ட் கட்சி உடைந்தது. இடதுசாரிப் பிரிவினர் வெளியேறிக் கம்யூனிஸ்ட் கட்சிகளைத் தொடங்கினார்கள். மில்வாக்கிக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய கட்சியிலேயே இருந்தார்கள்.

நியூயார்க், சிகாகோன்னு எவ்வளவு பெரிய ஊர் இருக்கு. ஏன் மில்வாக்கி?

முதல் காரணம் ஜெர்மன்காரர்கள். 1848-ல் ஜெர்மனியில் நடந்த ஜனநாயகப் புரட்சி தோற்றபின் பலர் தப்பி அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் மில்வாக்கியில் தங்கினார்கள். அவர்கள் தொடங்கிய டர்னர் சங்கம் பார்வைக்கு உடற்பயிற்சிக் கழகம். உள்ளே சொற்பொழிவு, விவாதம், பாட்டு, நூல் வாசிப்பு எல்லாம் உண்டு. நம் ஊர் படிப்பகத்தையும் சிலம்பக் கூடத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்த மாதிரி. பின்னால் பிஸ்மார்க் ஜெர்மனியில் சோசலிஸ்டுகளுக்குத் தடை போட்டபோது இன்னொரு அலை வந்தது. வந்தவர்களில் பலருக்குக் கட்சி வேலை ஏற்கெனவே பழக்கம்.

இரண்டாவது காரணம் தொழிற்சாலைகள். பீர் வடிப்பாலைகள், தோல் பதனிடும் கூடங்கள், இரும்பாலை, இயந்திரப் பட்டறைகள். கைத்தொழில் தெரிந்த, படிக்கத் தெரிந்த தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த ஊர் இது. ஆனாலும் ஜெர்மன்காரர்கள் எல்லோருமே சோசலிஸ்டுகள் என்று நினைத்துவிடாதீர்கள். கத்தோலிக்கர்களும் லூதரன்களும்தான் அவர்களில் அதிகம். கட்சி அவர்களை ஒவ்வொருவராக வென்றெடுக்க வேண்டியிருந்தது.

1886-ல அங்க துப்பாக்கிச் சூடு நடந்துச்சாமே, அதுக்கும் கட்சிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1886 மே மாதம் அமெரிக்கா முழுக்க எட்டு மணி நேர வேலைக்காக வேலைநிறுத்தம் நடந்தது. மே தினத்தின் மூலமே அதுதான். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றிக் கொண்டாடியதும் அந்த மே மாதத்தைத்தான். மே 4 அன்று சிகாகோ ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். மறுநாள், மே 5 அன்று, மில்வாக்கியில் நடந்தது பலருக்குத் தெரியாது.

பேவியூ பகுதியில் இருந்த இரும்பாலையை நோக்கித் தொழிலாளர்கள் ஊர்வலமாக நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். ஆளுநர் ஜெரெமையா ரஸ்க் அனுப்பிய மாநிலப் படை ஆலைக்கு முன் நின்றது. தூரத்தில் வரும்போதே சுட்டார்கள். குறைந்தது ஏழு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவன் 13 வயதுப் பையன். தன் வீட்டுக் கொல்லையில் நின்றிருந்த ஒரு முதியவரும் குண்டு பட்டு இறந்தார்.

அந்த வருடக் கடைசியில் நடந்த தேர்தலில் தொழிலாளர்கள் மக்கள் கட்சி என்ற பெயரில் நின்று உள்ளூரில் ஜெயித்தார்கள். ஹென்றி ஸ்மித் என்பவரை வாஷிங்டனுக்கும் அனுப்பினார்கள். 1888-ல் இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்து அவர்களை வீழ்த்தின. கோபத்தில் கிடைத்த ஓட்டு, கட்டமைப்பு இல்லாவிட்டால் கரைந்துபோகும் என்பதை மில்வாக்கித் தொழிலாளர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

சோசலிஸ்ட்னா யூஜின் டெப்ஸைத்தான் சொல்றாங்க. விக்டர் பெர்கர் யாரு?

டெப்ஸ் அமெரிக்க சோசலிஸ்டுகளின் பிரபலத் தலைவர், பேச்சாளர். பெர்கர் கட்சியைக் கட்டியெழுப்பியவர். ஆஸ்திரியப் பேரரசில் 1860-ல் பிறந்தவர். மில்வாக்கியில் பள்ளி ஆசிரியராக இருந்து, அதை விட்டுப் பத்திரிகை நடத்த வந்தார். முதலில் ஜெர்மன் மொழியில், பிறகு ஆங்கிலத்தில். கட்சிக்கு மூளை, பணம் திரட்டுபவர், சண்டைக்காரர் எல்லாம் அவர்தான்.

1895-ல் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்துக்காக டெப்ஸ் சிறையில் இருந்தபோது பெர்கர் போய்ப் பார்த்து, மார்க்ஸின் 'மூலதனம்' நூலைக் கொடுத்துவிட்டு வந்தார். பின்னால் டெப்ஸே இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். 1897-ல் மில்வாக்கியில் கட்சியின் முதல் கிளை தொடங்கியது. 1901-ல் அகில அமெரிக்க சோசலிஸ்ட் கட்சி உருவானபோதும் விஸ்கான்சினில் சோசியல் டெமாக்ரடிக் கட்சி என்ற பழைய பெயரே புழக்கத்தில் இருந்தது.

சரி, கட்சி வேலைன்னா என்னதான் செஞ்சாங்க? மேடைப் பேச்சா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உள்ளூர சந்தோஷம். மில்வாக்கிக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் உழைத்தவர்களுக்கு இருக்கும் ஒரே விடுமுறை அதுதான். அன்றைக்கும் இருட்டோடு எழுந்து போய், அவரவர் பகுதியில் காத்திருக்கும் துண்டுப் பிரசுரக் கட்டைக் கையில் இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். ஊர் எழுந்து சர்ச்சுக்குக் கிளம்புவதற்குள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்று கிடக்கும். இவர்களுக்குப் பெயரே 'பண்டில் பிரிகேட்', அதாவது 'கட்டுப் படை'. எந்த வீட்டில் ஜெர்மன், எந்த வீட்டில் போலிஷ், எந்த வீட்டில் ஆங்கிலம் என்பது போடுகிறவருக்குத் தெரியும். அந்தந்த மொழிப் பிரசுரம் அந்தந்த வாசலில் விழும். 48 மணி நேரத்துக்குள் நகரத்தின் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்த்துவிடுவார்கள் என்று பேர் வாங்கிய படை அது. தேர்தல் காலத்தில் எதிர்க்கட்சி ஒரு பொய்யைக் கிளப்பினால் மறு ஞாயிறே பதில் வாசலில் இருக்கும்.

இதில் யாருக்கும் கூலி கிடையாது. கட்சிக்குப் பணம் மாதச் சந்தாவிலிருந்தும், கோடைகாலப் பிக்னிக்குகளிலிருந்தும், குளிர்காலத் திருவிழாக்களிலிருந்தும் வந்தது. குடும்பத்தோடு வருவார்கள், பாட்டு, பீர், பேச்சு எல்லாம் நடக்கும். பிறகு பிரிஸ்பேன் ஹால் என்று சொந்தக் கட்டடமும் எழுப்பினார்கள். கட்சி அலுவலகம், சங்கங்கள், அச்சு இயந்திரம் எல்லாம் அதிலேயே இருந்தன. 1911 டிசம்பரில் 'மில்வாக்கி லீடர்' நாளிதழ் வெளிவரத் தொடங்கியது. எனக்குத் தெரிந்து கட்சி நடத்துவதற்கு இதைவிட நல்ல பாடம் வேறு எங்கும் கிடையாது.

யூனியனும் கட்சியும் ஒண்ணா, வேற வேறயா?

சட்டப்படி வேறு வேறு, ஆட்கள் ஒன்றுதான். நகரத்தின் தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு 1887-ல் தொடங்கியது. 1900 வாக்கில் அதன் நிர்வாகிகள் பெரும்பாலும் கட்சிக்காரர்கள். அதன் தலைவர்களில் ஒருவரான ஃபிராங்க் வெபர் கட்சி சார்பில் மாநிலச் சட்டசபைக்கும் போனவர். கூலி, வேலைநேரம் சங்கத்தின் பொறுப்பு, ஓட்டும் சட்டமும் கட்சியின் பொறுப்பு. ஒரே உடம்பின் இரண்டு கைகள் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

மற்ற ஊர்களில் சோசலிஸ்டுகள் இருக்கிற சங்கத்தோடு மோதி, தனிச் சங்கம் கட்டப் பார்த்தார்கள். பெர்கர் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. தொழிலாளி ஏற்கெனவே எந்த வீட்டில் இருக்கிறானோ அங்கே போய் உட்கார் என்பதுதான் அவர் வழி.

சர்ச் எதிர்க்கலையா?

கடுமையாக எதிர்த்தது. பேராயர் மெஸ்மர், நல்ல கத்தோலிக்கர் சோசலிஸ்டாக இருக்க முடியாது என்று வெளிப்படையாகவே நிலைப்பாடு எடுத்தார். தென்பகுதியில் வாழ்ந்த போலிஷ் குடும்பங்களுக்குப் பங்குச் சாமியார் சொல்வதே வேதவாக்கு. அங்கே கட்சி மெதுவாகத்தான் வளர்ந்தது. போலிஷ் மொழியில் சொந்தப் பத்திரிகை நடத்தி, போலிஷ்காரர்களையே வேட்பாளராக நிறுத்தியபின் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் திறந்தது.

1910-ல திடீர்னு எப்படி ஜெயிச்சாங்க?

திடீரென்று இல்லை. நகரத் தேர்தலில் முதல்முறை நின்றது 1898-ல், அப்போது கிடைத்தது சொற்ப ஓட்டு. 1904-ல் ஒன்பது கவுன்சிலர்கள். சைடல் அவர்களில் ஒருவர். கூடவே ஊர் நிலைமையும் உதவியது. மேயர் டேவிட் ரோஸ் காலத்தில் நகராட்சியில் லஞ்சம் தலைவிரித்தாடியது. அதிகாரிகள் மேலும் கவுன்சிலர்கள் மேலும் வரிசையாக வழக்குகள் வந்தன. கை சுத்தமான ஒரே கூட்டம் இவர்கள்தான் என்ற நம்பிக்கை, சோசலிசத்தில் நாட்டமில்லாதவர்களிடமும் பரவியது.

1910 ஏப்ரலில் மும்முனைப் போட்டி. சைடல் மேயர், ஹோன் நகர வழக்கறிஞர், 35 கவுன்சிலர்களில் 21 பேர் கட்சிக்காரர்கள். அதே நவம்பரில் பெர்கர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் சோசலிஸ்ட் ஆனார். முதியோர் ஓய்வூதியத்துக்கு அங்கே முதல் மசோதா கொண்டுவந்தவர் அவர்தான், 1911-ல்.

சைடல் மரவேலைக்காரர், வார்ப்பு அச்சு செதுக்குபவர். பெர்லினில் போய்த் தொழில் கற்றவர். அவருடைய செயலாளராக இருந்த இளைஞர் கார்ல் சாண்ட்பர்க், பின்னாளில் அமெரிக்காவின் பெரிய கவிஞர்.

ரெண்டே வருஷத்துல தோத்துட்டாங்களே, ஆட்சி சரியில்லையா?

ஆட்சியில் குறை சொல்ல அதிகம் இல்லை. நகராட்சித் தொழிலாளர் கூலியை உயர்த்தினார்கள், சூதாட்ட விடுதிகளையும் விபசார விடுதிகளையும் மூடினார்கள், பொருளாதார அறிஞர் ஜான் காமன்ஸை அழைத்து நகராட்சிக் கணக்குவழக்கைச் சீர்செய்யச் சொன்னார்கள். 1912-ல் சைடல் வாங்கிய ஓட்டு 1910-ல் வாங்கியதைவிட அதிகம்.

தோற்றதற்குக் காரணம் 1888-ன் அதே உத்தி. டெமாக்ரட்டுகளும் ரிபப்ளிகன்களும் ஒரே பொது வேட்பாளராக டாக்டர் கெர்ஹார்ட் பேடிங்கை நிறுத்தினார்கள். மும்முனை இருமுனையானது, அவ்வளவுதான். பிறகு மாநிலச் சட்டசபை, நகரத் தேர்தலில் கட்சிப் பெயரே வாக்குச்சீட்டில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இன்றுவரை மில்வாக்கி மேயர் தேர்தலில் கட்சிப் பெயர் கிடையாது. ஹோன் மட்டும் நகர வழக்கறிஞராகப் பதவியில் தொடர்ந்தார், ஏனென்றால் அந்தப் பதவிக்கு நான்கு வருடம். கட்சி அந்த நாலு வருடத்தில் அவரை அடுத்த மேயராக வளர்த்தெடுத்தது.

முதல் உலகப் போர்ல கட்சியை நசுக்கிட்டாங்கன்னு படிச்சேன். என்ன நடந்துச்சு?

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அதே வாரத்தில் செயின்ட் லூயிஸில் கூடிய சோசலிஸ்ட் கட்சி, இது முதலாளிகளின் போர், எதிர்க்கிறோம் என்று தீர்மானம் போட்டது. மில்வாக்கியில் இதற்கு இரட்டைத் தண்டனை, ஏனென்றால் ஊரே ஜெர்மன் ஊர். 'லீடர்' நாளிதழின் சலுகைத் தபால் உரிமையை 1917-ல் பறித்தார்கள். அடுத்த வருடம் அதற்கு வரும் கடிதங்களைக்கூடத் தபால் துறை பட்டுவாடா செய்யவில்லை. வெளியூர் சந்தாதாரர்கள் அத்தனை பேரும் போனார்கள். உள்ளூரில் கையால் கொண்டுபோய்ப் போட்டுத்தான் பத்திரிகை பிழைத்தது.

பெர்கர் மேல் போர்க்கால உளவுச் சட்டத்தின் கீழ் வழக்கு. ஆதாரம் அவர் எழுதிய தலையங்கங்கள். வழக்கு நடக்க இருக்கும்போதே, 1918 நவம்பரில், மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1919-ல் நீதிபதி லேண்டிஸ் 20 வருடச் சிறை விதித்தார். நாடாளுமன்றம் அவருக்கு இடம் தர மறுத்தது. அந்த மறுப்பை எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர், விஸ்கான்சினின் எட்வர்ட் வாய்ட். டிசம்பரில் இடைத்தேர்தல் வைத்தார்கள், தொகுதி மறுபடியும் பெர்கரையே அனுப்பியது. மறுபடியும் மறுத்தார்கள். 1921 வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது.

1921 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஜெர்மன் வம்சாவளியினர் பற்றி இழிவாகப் பேசிய லேண்டிஸ் இந்த வழக்கை விசாரித்திருக்கவே கூடாது என்பது காரணம். 1922, 1924, 1926 என்று மூன்று முறை ஜெயித்து பெர்கர் சபையில் உட்கார்ந்தார். 1929-ல் டிராம் வண்டி மோதி இறந்தார். ஒரு தொகுதி, நாடே திரண்டு மிரட்டியும் தன் ஆளை விட்டுக்கொடுக்காமல் நின்றதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஞாயிறு காலைகளில் வாசல் வாசலாகப் போனதன் பலன் அது.

'சாக்கடை சோசலிசம்'னு கிண்டல் பண்ணாங்களாமே?

ஆமாம். 1932-ல் கட்சி மாநாடு மில்வாக்கியிலேயே நடந்தது. தேசியத் தலைவர் பதவிக்கு நியூயார்க்கின் மோரிஸ் ஹில்க்விட்டும் ஹோனும் மோதினார்கள். அந்தச் சண்டையில் ஹில்க்விட் தரப்பிலிருந்து வந்த ஏச்சு அது: மில்வாக்கிக்காரர்களுக்கு சோசலிசம் என்றால் சுத்தமான சாக்கடை மட்டும்தான் என்று. ஹில்க்விட் ஜெயித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது.

சைடல் பின்னால் எழுதிய பதில் அழகானது. தொழிலாளி வீட்டுக்குச் சாக்கடை வசதி வேண்டும் என்றோம், உண்மைதான். ஆனால் அதைவிட எவ்வளவோ வேண்டும் என்றோம். நல்ல காற்று, வெயில், வாழத்தக்க கூலி, பூங்கா, நீச்சல் குளம், வாசகசாலை, பாட்டும் ஆட்டமும் எல்லோருக்கும் வேண்டும் என்றோம் என்று வரிசையாக அடுக்குகிறார்.

எனக்கு இந்த ஏச்சில் கோபம் உண்டு. அந்தக் காலத்தில் மில்வாக்கியின் மூன்று ஆறுகளும் கழிவை ஏரியில் கொண்டுபோய்க் கொட்டின, ஊர் குடித்ததும் அதே ஏரித் தண்ணீரை. டைபாய்டு வந்தால் முதலில் சாவது ஏழை வீட்டுப் பிள்ளை. 1920-களின் நடுவில் ஜோன்ஸ் தீவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நுண்ணுயிர்களை வைத்து அவ்வளவு பெரிய அளவில் சுத்தம் செய்தது அமெரிக்காவில் அதுவே முன்னோடிகளில் ஒன்று. 1939-ல் லின்வுட் குடிநீர் நிலையமும் வந்தது. பிள்ளை சாகாமல் இருப்பது சின்ன விஷயம் என்று சொல்ல எந்தத் தத்துவத்துக்கும் உரிமை கிடையாது.

சபையில பெரும்பான்மை இல்லாம ஹோன் எப்படி 24 வருஷம் ஓட்டினார்?

சைடலின் இரண்டு வருடம் தவிர, கட்சிக்குச் சபையில் தனிப் பெரும்பான்மை இருந்ததில்லை. ஹோன் ஒவ்வொரு திட்டத்துக்கும் சுயேச்சை கவுன்சிலர்களிடம் பேசி, கெஞ்சி, சில சமயம் ஊரைக் கூட்டி நெருக்கித்தான் நிறைவேற்றினார். சமையல்காரராக வேலை பார்த்துச் சட்டம் படித்தவர் அவர். எதிரிகள்கூட அவர்மேல் ஒரு காசு ஊழல் சொன்னதில்லை.

வளைந்து கொடுக்கவும் தெரியும். போர்க்காலத்தில் கட்சித் தீர்மானத்தை அவர் முழுக்க ஏற்கவில்லை. உள்ளூர்ப் பாதுகாப்புக் குழுவில் பணியாற்றி உணவு விலையைக் கட்டுப்படுத்தப் பார்த்தார், கட்சியையும் விட்டு விலகவில்லை. பெர்கரும் அவரும் அந்த நேரத்தில் உடையாமல் இருந்தது கட்சியைக் காப்பாற்றியது.

எதையாவது அரசுடைமை ஆக்கினாங்களா, இல்ல பேச்சு மட்டும்தானா?

நினைத்ததில் சிறு பகுதிதான் நடந்தது. துறைமுகத்தை நகரத்தின் சொத்தாக வளர்த்தார்கள். தெருவிளக்கு நகராட்சி வசம் வந்தது. 1920-களின் தொடக்கத்தில் கார்டன் ஹோம்ஸ் என்ற பெயரில் 105 வீடுகள் கட்டினார்கள். ஒரு நகராட்சி முன்னின்று கட்டிய கூட்டுறவு வீடுகளில் அமெரிக்காவில் அதுவே முதல். சில வருடங்களிலேயே கூட்டுறவு கலைந்து வீடுகள் தனியாருக்குப் போய்விட்டன.

பெரிய தோல்வி, டிராமும் மின்சாரமும். இரண்டும் ஒரே தனியார் கம்பெனியின் கையில். கடைசிவரை வாங்க முடியவில்லை, 1936-ல் மக்களிடமே வாக்கெடுப்புக்கு விட்டும் தோற்றது. தண்டவாளப் பகுதியின் சாலையைக் கம்பெனி தன் செலவில் போட வேண்டும் என்ற வழக்கில் மட்டும் நகரம் 1920-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. இன்னொன்றும் உண்டு: 1924 வரை நகரத்துக்குத் தன்னாட்சி உரிமையே இல்லை. எதைத் தொட்டாலும் மாநிலச் சட்டசபையின் அனுமதி வேண்டும்.

சோசலிஸ்ட்னா கடன் வாங்கி இலவசம் குடுப்பாங்கன்னு நினைச்சேன்...

நேர் எதிர். கடன் பத்திரத்துக்கு நகரம் கட்டும் வட்டி, ஏழையின் வரிப்பணத்திலிருந்து வங்கிக்காரர் பைக்குப் போகிறது என்பது ஹோனின் கணக்கு. அதனால் கடன் தீர்ப்பு நிதி ஒன்று ஏற்படுத்தினார். அவர் பதவியை விட்டபின், 1943-ல், மில்வாக்கி கடனில்லாத நகரமானது. இதற்கு விலையும் இருந்தது. போர் முடிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடில்லாமல் தவித்தபோது, கையில் கட்டிவைத்த வீடுகள் போதவில்லை.

பெண்களே இல்லையா இந்தக் கதையில?

இருக்கிறார்கள், சரித்திரம் குறைவாகச் சொல்கிறது. மெட்டா பெர்கர், விக்டரின் மனைவி, 1909-ல் பள்ளிக் கல்விக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 30 வருடம் இருந்தார். பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை வந்ததே 1920-ல்தான். மேலே சொன்ன பிக்னிக்குகளும் திருவிழாக்களும் பெண்கள் கைவேலையால் நடந்தவை.

கறுப்பின மக்களைப் பத்தி இவங்க நிலைப்பாடு என்ன? உண்மையைச் சொல்லுங்க.

உண்மை கசப்பானது. பெர்கர் 1902-ல் தன் பத்திரிகையில் கறுப்பின மக்களைத் தாழ்ந்த இனம் என்றே எழுதினார். ஆசியர்கள் குடியேறுவதையும் எதிர்த்தார். அதாவது நம்மைப் போன்றவர்களை உள்ளே விடக்கூடாது என்றவர். அவரைப் பற்றி இவ்வளவு உருகி எழுதிவிட்டு இதை நான் மறைக்க மாட்டேன். 'காலம் அப்படி' என்ற சமாதானமும் செல்லாது, அதே கட்சியில் டெப்ஸ் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

1910-ல் மில்வாக்கியில் கறுப்பின மக்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. 1960-ல் 60 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஃபிராங்க் ஸைட்லர் அவர்களுக்குப் பொது வீடுகள் வேண்டும் என்று நின்றார். அதனால் 1956 தேர்தலில் அவர்மேல் ஒரு வதந்தி பரவியது: தெற்கு மாநிலங்களில் விளம்பரப் பலகை வைத்துக் கறுப்பின மக்களை மில்வாக்கிக்கு அழைக்கிறார் என்று. முழுப் பொய். தேர்தலில் அவர் ஜெயித்தார், ஆனால் வெள்ளைத் தொழிலாளர் மத்தியில் அந்தப் பொய் வேலை செய்தது.

அப்போ கட்சி எப்படி, எதனால காணாமப் போச்சு?

ஒரே காரணம் கிடையாது. ஜெர்மன் மொழி பேசிய தலைமுறை மறைந்தது. ரூஸ்வெல்ட்டின் டெமாக்ரட் கட்சி ஓய்வூதியம், சங்க உரிமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 1935-ல் மில்வாக்கி சோசலிஸ்டுகள் விஸ்கான்சினின் லஃபாலெட் சகோதரர்கள் தொடங்கிய புரோகிரசிவ் கட்சியோடு கூட்டணி வைத்தார்கள். வாக்குச்சீட்டில் சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்தபின் சொந்த வாக்காளர்களும் மெல்ல நகர்ந்தார்கள். 1940-ல் ஹோனைத் தோற்கடித்தவர் முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய கார்ல் ஸைட்லர், ஃபிராங்கின் அண்ணன், சோசலிஸ்ட் அல்லாதவர். போருக்குப் போய் 1942-ல் கப்பலோடு கடலில் மறைந்தார். பின்னர் ஹோனே டெமாக்ரட் கட்சியில் சேர்ந்தார்.

என் கணிப்பில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து போக ஆள் வரவில்லை. மேயர் நல்லவர் என்ற பெயர் வளர்ந்தது, கிளைகள் சுருங்கின. ஹோனுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பலர் கட்சி உறுப்பினரே இல்லை.

அப்படின்னா ஃபிராங்க் ஸைட்லர் 1948-ல எப்படி வந்தார்?

கட்சி பலத்தால் இல்லை, தன் பெயராலும் ஒரு கூட்டணியாலும். சோசலிஸ்டுகளும் தாராளவாதிகளும் சேர்ந்த குழு அவரை நிறுத்தியது. மறைந்த அண்ணனின் பெயரும் உதவியது. பக்கத்துப் பகுதிகளை இணைத்து நகரத்தின் பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். 1960-ல் மறுபடி நிற்கவில்லை. 1976-ல் ஜனாதிபதி தேர்தலுக்கும் நின்றார், கிடைத்தது சில ஆயிரம் ஓட்டு. 2006-ல் இறக்கும்வரை கட்சிக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இன்னைக்கு மில்வாக்கி வந்தா இதையெல்லாம் எங்க பார்க்கலாம்?

1882-ல் கட்டிய டர்னர் ஹால் இன்னும் நகர மையத்தில் நிற்கிறது. பேவியூவில் சுடப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை உண்டு, ஒவ்வொரு மே மாதமும் அங்கே கூடிப் பெயர்களைச் சொல்கிறார்கள். கார்டன் ஹோம்ஸ் வீடுகள் பல இன்றும் இருக்கின்றன.

ஆனால் முதலில் ஹோன் பாலத்தில் ஏறுங்கள். கீழே ஜோன்ஸ் தீவு, சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிகள் தெரியும். கண்ணாடியை இறக்கினால் வாடை வரும். அங்கே படியும் கசடைக் காயவைத்து 1926 முதல் மில்லார்கனைட் என்ற பெயரில் உரமாக விற்கிறார்கள். பழுப்பு நிறத்தில் கேழ்வரகு அளவு மணிகள். என் வீட்டுப் புல்லுக்கும் அதைத்தான் தூவுகிறேன்.

அதே தீவின் ஓரத்தில் மிகச் சிறிய பூங்கா ஒன்று இருக்கிறது, கஷுபே பூங்கா. ஒரு மரம், ஒரு நங்கூரம், அவ்வளவுதான். துறைமுகமும் இந்த நிலையமும் வருவதற்கு முன் போலந்துக் கடற்கரையிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். நகரம் நிலத்தை எடுத்துக்கொண்டது. அவர்களில் கடைசி ஆள் 1940-களில் வெளியேறினார். பாலத்திலிருந்து இறங்கியதும் அங்கேயும் வண்டியை நிறுத்துவேன்.